பகுதிநேரமாக சமூகவியலும் குற்றவியலும் நடத்தப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு சமூகவியல் அறிமுகமும் குற்றவியல் அறிமுகமும் பகுதிநேரமாக நடத்துகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். சம்பளமும் விதிமுறையும் நாட்டுக்கு நாடு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதால் அதில் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1. சமூகவியலும் குற்றவியலும் ஒண்ணா? ரெண்டையும் ஏன் ஒரே ஆள் தலையில கட்டுறாங்க?

ஒன்று இல்லை, ஆனால் நெருங்கிய சொந்தம். சமூகவியல் குடும்பம், வேலை, மதம், வர்க்கம், நகரம் என்று கூட்டு வாழ்க்கை முழுவதையும் பார்க்கிறது. சட்டம் எப்படி உருவாகிறது, யார் மீறுகிறார்கள், மீறியவரைச் சமூகம் என்ன செய்கிறது என்ற மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறது குற்றவியல். அதில் சமூகவியலாளர்கள் மட்டும் இல்லை. 1764இல் சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்து எழுதிய பெக்காரியா சட்டம் படித்தவர். குற்றவாளியை உடலமைப்பிலேயே அடையாளம் காணலாம் என்று 1876இல் எழுதிய லொம்ப்ரோசோ மருத்துவர். குற்ற எண்ணிக்கை ஆண்டுக்காண்டு ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறதே என்று 1830களில் கவனித்த கெத்தலே வானியலாளர்.

ஒரே ஆளிடம் கொடுப்பதற்குக் காரணம் கல்வி பாதி, நிர்வாகம் பாதி. டர்கைம், மெர்டன், பெக்கர் என்று இரண்டு பாடத்திட்டத்திலும் அதே சமூகவியலாளர்களின் பெயர்கள் வரும். அப்புறம், அறிமுக வகுப்புகளில்தான் மாணவர் கூட்டம் அதிகம். நிரந்தர ஆசிரியர்கள் பெரும்பாலும் மேல்வகுப்புகளை எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் நம்மிடம் வரும்.

2. நான் படிச்சது சமூகவியல் மட்டும்தான். குற்றவியல் நடத்தலாமா? (போலீஸ்ல இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர் இதையே திருப்பிக் கேட்டார்.)

நடத்தலாம். சமூகவியலிலிருந்து வருகிறவருக்குக் கோட்பாடு கைவசம் இருக்கும், நடைமுறை இருக்காது. புகார் எப்படிப் பதிவாகிறது, கைதுக்கும் குற்றச்சாட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது, ஜாமீனை யார் முடிவு செய்கிறார், விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் என்ன வேறுபாடு என்று உங்கள் நாட்டு நடைமுறையை வகுப்பு தொடங்கும் முன் படித்துவிடுங்கள். இதில் தடுமாறினால் இரண்டாம் வாரத்திலேயே மாணவர்களுக்குத் தெரிந்துவிடும்.

காவல்துறை, வழக்கறிஞர் தொழில், சிறைத்துறையிலிருந்து வருகிறவர்களுக்குச் சிக்கல் நேரெதிர். கதைகள் ஏராளம் இருக்கும், மாணவர்களும் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஆனால் உங்கள் கண்ணில் பட்டவை எல்லாம் யாரோ புகார் கொடுத்து, யாரோ பதிவு செய்து, உங்கள் மேசை வரை வந்த வழக்குகள். வராதவை பற்றிப் பேசுவதுதான் பாடத்தில் பாதி. ஒரு வகுப்புக்கு ஒரு கதை போதும், அதுவும் ஏதாவது ஒரு கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக.

3. வாரத்துக்கு நாலு மணிநேரம்தானே? வேற வேலையோட சேர்த்துப் பார்த்துக்கலாம் இல்ல?

நான்கு மணிநேரம் என்பது நீங்கள் கரும்பலகை முன் நிற்கிற நேரம். புதிய பாடம் என்றால் ஒரு மணிநேர வகுப்புக்கு இரண்டு மூன்று மணிநேரம் தயாரிப்பு போகும். அறுபது பேருக்கு ஒரு கட்டுரை வைத்து, ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்தாலே 15 மணிநேரம். இதற்குமேல் மின்னஞ்சல், வருகைப் பதிவு, தேர்வு மேற்பார்வை, பயணம்.

ஒரு செமஸ்டரின் மொத்த ஊதியத்தை இந்த மொத்த மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண் உங்களுக்குச் சரிப்படுமா என்பதை வேலையில் சேரும் முன் முடிவு செய்ய வேண்டும். அதே பாடத்தை இரண்டாம் முறை நடத்தும்போது தயாரிப்பு நேரம் பாதியாகக் குறையும், திருத்தும் நேரம் மட்டும் குறையாது. எனவே ஒரே பாடத்தை இரண்டு பிரிவுகளுக்கு நடத்தக் கேளுங்கள். இரண்டு வெவ்வேறு பாடங்களைத் தவிர்க்கப் பாருங்கள்.

4. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்?

மாணவர் சேர்க்கை குறைந்து வகுப்பு ரத்தானால் தயாரித்த உழைப்புக்கு ஏதாவது தருவார்களா? தேர்வு மேற்பார்வைக்கும் விடைத்தாள் திருத்தவும் தனி ஊதியம் உண்டா? விடுமுறையில் விழும் வகுப்புக்குச் சம்பளம் பிடிப்பார்களா? பாடத்திட்டம் என் கையிலா, வினாத்தாள் யார் கையில்? மாணவரோடு தனியாக உட்கார்ந்து பேச ஓர் இடம் கிடைக்குமா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். 15ஆம் கேள்வியைப் படித்தால் ஏன் கேட்கச் சொன்னேன் என்று புரியும்.

பதில்களை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக உறுதி சொன்ன துறைத்தலைவர் அடுத்த ஆண்டு மாறிவிட்டால் அந்த வாக்குறுதியும் அவரோடு போய்விடும்.

5. முதல் வகுப்புல என்ன பண்றது? பாடத்திட்டத்தைப் படிச்சுக் காட்டிட்டு விட்டுடவா?

பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் வகுப்பில் இந்தத் துறை எப்படி யோசிக்கிறது என்பதை ஒருமுறை காட்டிவிட வேண்டும். நான் பெயர்களை வைத்துச் செய்வேன். ஒவ்வொருவரும் ஒரு தாளில் தன் பெயர், தனக்கு முந்திய தலைமுறையில் தெரிந்த ஒருவர் பெயர், அதற்கும் முந்திய தலைமுறையில் ஒருவர் பெயர் என்று மூன்று எழுத வேண்டும். அப்பா அம்மா பெயர்தான் வேண்டும் என்று கேட்காதீர்கள். எல்லோருக்கும் அது எளிதாக இருக்காது. பலகையில் மூன்று பத்தி போட்டு வரிசையாக எழுதுங்கள்.

பாதி எழுதும்போதே சிரிப்பு வரும். மூன்றாம் பத்தியில் நான்கைந்து முறை வரும் பெயர் முதல் பத்தியில் ஒருவருக்குக்கூட இருக்காது. முதல் பத்தியில் ஒரே ஓசையில் முடிகிற பெயர்கள் கூட்டமாக இருக்கும். "உங்கள் பெயரை யார் வைத்தார்கள்? யாராவது கட்டாயப்படுத்தினார்களா?" என்று கேளுங்கள். இல்லை, பிடித்து வைத்தார்கள் என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பிடித்துத்தான் வைத்தார்கள், அப்புறம் எப்படி எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரிப் பெயர் பிடித்தது? தனிமனிதரின் விருப்பத்துக்கு வெளியே நின்று அந்த விருப்பத்தையே வடிவமைக்கிற ஒன்று இருக்கிறது என்பதை இந்தக் கேள்வி காட்டிவிடும். டர்கைம் 'சமூக உண்மை' என்று சொன்னது இதைத்தான். அவர் 1897இல் தற்கொலை விகிதங்களை வைத்து இதை நிறுவினார், ஆனால் முதல் நாளே அந்த உதாரணத்தை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

6. புத்தகத்துல அத்தியாயம் இருபதுக்கு மேல. வாரம் பதினஞ்சு. போர்ஷன் எப்படி முடியும்?

முடியாது, முடிக்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு ஓடும் அறிமுக வகுப்பில் தேர்வு முடிந்த மறுநாள் எதுவும் மிஞ்சாது. சமூகவியலில் நான் கைவிடாதவை: சமூக உண்மை, சமூகமயமாதல், நெறியும் பிறழ்வும், அடுக்கமைவு (யார் மேலே, யார் கீழே என்பது), ஏதாவது ஒரு நிறுவனம் முழுமையாக, ஆய்வு முறை. நிறுவனர்களின் வாழ்க்கை வரலாற்று அத்தியாயத்தை வெட்டிவிடுவேன். காம்டே எந்த ஊரில் பிறந்தார் என்பது முதலாண்டு மாணவருக்கு எதற்கு?

குற்றவியலில் அளவீடு, செவ்வியல் பள்ளி (பெக்காரியா வழி), இறுக்கம், கற்றல், கட்டுப்பாடு, முத்திரையிடல், அன்றாட நடவடிக்கைக் கோட்பாடு (இந்த ஐந்தும் என்ன என்று 9இல் சொல்கிறேன்), அப்புறம் காவல், நீதிமன்றம், சிறை மூன்றுக்கும் ஒவ்வொரு வாரம். லொம்ப்ரோசோவுக்கு அரை மணி. அவர் தவறு என்று மட்டும் சொல்லாமல், சிறையில் இருப்பவர்களை மட்டுமே அளந்துவிட்டுக் 'குற்றவாளிகள்' பற்றி முடிவு கட்டினால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

7. வினாத்தாள் பல்கலைக்கழகம் போடுது. எதையும் விட முடியாதே?

பழைய வினாத்தாள்களை வாங்கி எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். வரையறை மட்டும் கேட்கும் பகுதிகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வகுப்பு நேரத்தை 6இல் சொன்னவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

8. "சார், இதெல்லாம் பொது அறிவுதானே"ன்னு முன்வரிசையில ஒருத்தன் கேட்டுட்டான். என்ன சொல்ல?

ஒன்றும் சொல்லாதீர்கள், பந்தயம் கட்டுங்கள். இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் நடந்த ஆய்வில், பதவி உயர்வு அதிகம் கிடைக்கும் விமானப் பிரிவையும் அரிதாகவே கிடைக்கும் ராணுவப் போலீஸ் பிரிவையும் ஒப்பிட்டார்கள். பதவி உயர்வு முறையில் எந்தப் பிரிவினருக்குத் திருப்தி அதிகம் என்று கேட்டு முன்கூட்டியே பதில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் விமானப் பிரிவு என்று எழுதிவிட்டு "இது தெரியாதா" என்பார்கள். விடை ராணுவப் போலீஸ். சுற்றிலும் எல்லோரும் உயரும் இடத்தில்தான் உயராதவனுக்கு வலி அதிகம்.

அந்த ஆய்வைப் பற்றி 1949இல் எழுதிய லாசர்ஸ்ஃபெல்ட், முடிவுகள் சிலவற்றைத் தலைகீழாக்கிப் பட்டியலிட்டு, வாசகர் ஒவ்வொன்றுக்கும் 'இது தெரிந்ததுதானே' என்று தலையாட்டிய பிறகு, உண்மையில் கிடைத்தவை இவற்றுக்கு நேரெதிர் என்று சொன்னார். அதை அப்படியே வகுப்பில் செய்யலாம். ஒருமுறை ஏமாந்த வகுப்பு மறுபடி 'பொது அறிவு' என்று சொல்லாது.

9. கோட்பாடுன்னு ஆரம்பிச்சாலே தூங்கிடறாங்க. என்னதான் பண்றது?

ஒரு கோட்பாட்டுக்கு ஓர் உதாரணம் என்று மாற்றிக்கொண்டே போனால் தூங்கத்தான் செய்வார்கள். சம்பவம் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், செமஸ்டர் முழுக்க அதற்கே திரும்பி வாருங்கள். என்னுடையது: பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பூட்டாமல் நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவ்வளவுதான். பெயர், ஊர், குடும்பம் எதுவும் சொல்வதில்லை. அவற்றை மாணவர்களே கேட்பார்கள். எதைக் கேட்கிறார்கள் என்பதிலேயே அவர்கள் மனதில் எந்தக் கோட்பாடு ஓடுகிறது என்று தெரியும்.

மெர்டன் (இறுக்கம், 1938) வழியில் போனால், சைக்கிள் இருந்தால்தான் மதிப்பு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு அதை வாங்கும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறோமா என்று கேட்க வேண்டும். சதர்லாந்து (கற்றல்) இவன் யாரோடு சுற்றுகிறான், யாரும் பார்க்காமல் எடுக்கவும் 'இது தப்பில்லை' என்று நினைக்கவும் யாரிடம் கற்றான் என்பார். ஹிர்ஷி (கட்டுப்பாடு, 1969) கேள்வியையே புரட்டிப் போடுவார்: அந்தத் தெருவில் போன மற்ற ஐம்பது பேர் ஏன் எடுக்கவில்லை? பெக்கர் (முத்திரையிடல், 1963) திருட்டை விட்டுவிட்டுப் பிடிபட்ட பிறகு நடந்ததைப் பார்ப்பார். ஒரு பையனின் அப்பா வந்து பணம் கொடுத்துச் சமாதானம் செய்கிறார். இன்னொருவன் காவல்நிலையத்துக்குப் போகிறான், திரும்பி வரும்போது 'திருடன்' என்ற பெயரோடு வருகிறான். கோஹனும் ஃபெல்சனும் (அன்றாட நடவடிக்கை, 1979) பையனைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். எடுக்க ஒருவன், எளிதில் எடுக்கக்கூடிய பொருள், கவனிக்க ஆளில்லாத தெரு மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தது எப்படி என்பதுதான் அவர்கள் கவலை. அமெரிக்காவில் பொருளாதாரம் நன்றாக இருந்த 1960களில் குற்றம் ஏன் கூடியது என்பதற்கு அவர்கள் சொன்ன விளக்கமும் இதுதான்: பகலில் வீடுகள் காலியாக இருந்தன, தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய விலையுயர்ந்த பொருள்கள் பெருகின.

இதில் முக்கியமானது, இவை ஒரே கேள்விக்கு ஐந்து பதில்கள் இல்லை என்பது. ஒவ்வொன்றும் வேறு கேள்வி கேட்கிறது. 'எந்தக் கோட்பாடு சரி' என்று கேட்கும் மாணவரிடம் 'உனக்கு என்ன தெரிய வேண்டும்' என்று திருப்பிக் கேளுங்கள். பூட்டு விற்பவருக்கு வேண்டிய பதில் வேறு, பையனின் அம்மாவுக்கு வேண்டியது வேறு.

10. யூடியூப் பார்த்துட்டு வந்து தொடர் கொலைகாரன் பத்தியே கேக்கறாங்க. அதையே நடத்திடலாமா?

ஒரு வகுப்பு கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம். பதிவாகும் குற்றங்களில் கொலையே மிகச் சிறிய பங்கு. தொடர் கொலை அதிலும் துளி. அறிமுகமில்லாதவன் இருட்டில் வருவான் என்ற பிம்பமும் நிறையப் பொய். ஐ.நா. மதிப்பீட்டின்படி 2023இல் உலகெங்கும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகளில் ஏறக்குறைய 60 சதவீதத்தினரைக் கொன்றவர் துணைவரோ குடும்பத்தினரோதான். இந்த எண்ணைப் பலகையில் எழுதியதும் வகுப்பு அமைதியாகிவிடும், கொஞ்ச நேரம் காத்திருந்து பேசுங்கள்.

மறுவாரம் சதர்லாந்தின் வெள்ளைக்காலர் குற்றத்தை (மதிப்பும் பதவியும் உள்ளவர்கள் தொழிலில் செய்யும் குற்றம்) எடுங்கள். 1939இல் அவர் அந்தப் பேச்சைத் தொடங்கினார். 1949இல் புத்தகம் வந்தபோது, சட்டம் மீறிய நிறுவனங்களின் பெயர்களைப் பதிப்பாளர் நீக்க வைத்தார். பெயர்களோடு முழுப் பதிப்பு வந்தது 1983இல், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து. எந்தக் குற்றத்தைப் பற்றிப் பேசுவது எளிது, எதைப் பற்றிப் பேசினால் வழக்கு வரும் என்று பயம் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

11. "குற்றம் 20 சதவீதம் கூடியது"ன்னு செய்தி வருது. பசங்க கொண்டுவந்து காட்டறாங்க. எப்படி எடுக்கிறது?

ஒரு சம்பவம் எண்ணாக மாற மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். இது குற்றம் என்று யாராவது உணர வேண்டும், புகார் கொடுக்க வேண்டும், காவல்துறை பதிவு செய்ய வேண்டும். எந்தக் கதவு கொஞ்சம் அகலமானாலும் எண் கூடும். புகார் கொடுப்பது எளிதானாலே 'குற்றம் கூடியது' என்று தலைப்பு வரும். கொலை எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம், உடலை மறைப்பது கடினம். வாகனத் திருட்டும் பரவாயில்லை, காப்பீடு வாங்கப் புகார் எண் தேவை. பாலியல் வன்முறை எண்ணை அப்படியே நம்பவே கூடாது, பெரும்பாலானவை புகாராகவே வருவதில்லை. இதனால்தான் மக்களிடமே நேரடியாகக் கேட்கும் பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்புகளை அமெரிக்கா 1970களிலும் பிரிட்டன் 1982இலும் தொடங்கின. அவற்றிலும் ஓட்டை உண்டு: கொலையுண்டவரிடம் கேட்க முடியாது, வீடில்லாதவரைக் கண்டுபிடிக்க முடியாது, நிறுவனம் ஏமாற்றியது ஏமாந்தவருக்கே தெரியாது.

இதைச் சொல்வதைவிடச் செய்துகாட்டுவது மேல். சின்ன மீறல்கள் எட்டு அச்சிட்ட துண்டுச்சீட்டு கொடுங்கள்: டிக்கெட் இல்லாமல் பயணம், தேர்வில் காப்பி, உரிமம் இல்லாமல் வண்டி, திருட்டுப் பதிவிறக்கம், வயதைப் பொய் சொன்னது, இந்த அளவில். கடுமையான எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் 'செய்திருக்கிறேன்', 'காவல்துறைக்குத் தெரிந்தது' என்று இரண்டு கட்டம். பெயர் வேண்டாம், எழுத்து வேண்டாம், டிக் மட்டும். மடித்துப் பெட்டியில் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று திருப்பிக் கொடுங்கள். "உங்கள் கையிலுள்ள சீட்டில்" டிக் இருந்தால் கைதூக்கச் சொல்லுங்கள். பலகையில் குறித்துக்கொண்டே வந்தால் இடப்பக்கம் எண்கள் ஏறிக்கொண்டே போகும். அப்புறம், இதில் எத்தனை காவல்துறைக்குத் தெரிந்தது என்ற கேள்விக்கான டிக்கை எண்ணுங்கள். வலப்பக்கம் ஏறக்குறைய காலியாகவே நிற்கும். சீட்டுகளை அங்கேயே கிழித்துவிடுங்கள். இந்த மாதிரிப் பயிற்சிக்குச் சில கல்லூரிகளில் முன் அனுமதி வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள்.

12. ஸ்டான்ஃபோர்ட் சிறைப் பரிசோதனை பாடத்துல இருக்கு. அது மோசடின்னு சொல்றாங்களே, நடத்தவா வேண்டாமா?

நடத்துங்கள், ஆனால் வேறு பாடமாக. கல்லூரி மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்க வைத்து, 1971இல் இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு 6 நாளில் நிறுத்தப்பட்ட ஆய்வு அது. சூழலே சாதாரண மாணவர்களைக் கொடூரக் காவலர்களாக்கியது என்பது புத்தகம் சொல்லும் கதை. பின்னால் வெளிவந்த ஒலிப்பதிவுகளும் ஆவணங்களும் காவலர்களுக்குக் கடுமையாக நடக்கும்படி வழிகாட்டல் கொடுக்கப்பட்டதைக் காட்டின. சூழலுக்கு ஆற்றல் இல்லை என்று இதனால் நிரூபணமாகிவிடாது. அந்த ஆய்வு அதை நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான். இந்த வேறுபாடு மாணவருக்குப் புரிந்தால் ஆய்வு முறை அத்தியாயமே முடிந்த மாதிரி.

1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டபோது 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்ற செய்தியும் இதே ரகம். அந்த எண் மிகைப்படுத்தப்பட்டது. பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்று ஆசிரியரே சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

13. பாதிப் பேர் போலீஸ் வேலைக்குப் போகத்தான் படிக்கறாங்க. அவங்களுக்கு முத்திரையிடல் எல்லாம் எதுக்கு?

அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். 9இல் சொன்ன இரண்டு பையன்களில் யாரை எச்சரித்து அனுப்புவது, யாரை வண்டியில் ஏற்றுவது என்று நாளைக்கு முடிவு செய்யப் போகிறவர்கள் அவர்களே. அந்த நேரத்தில் எதைப் பார்த்து முடிவு செய்வாய் என்று இப்போதே எழுத வையுங்கள்.

14. ஒரு மாணவி வகுப்புல எழுந்து, குறிப்பிட்ட ஒரு பிரிவு ஆளுங்கதான் குற்றம் பண்றாங்கன்னு சொல்லிட்டா. அந்தப் பிரிவுப் பசங்களும் அங்க இருக்காங்க. என்ன பண்ணிருக்கணும்?

கோபப்பட்டு வாயை அடைத்தால் அவர் கருத்து மாறாது, உங்கள் முன்னால் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொள்வார். சிரித்து மழுப்பினால் அந்தப் பிள்ளைகளைக் கைவிட்டதாகிவிடும். நான் செய்வது, அதை ஆளைப் பற்றிய பேச்சிலிருந்து சோதிக்கக்கூடிய கூற்றாக மாற்றுவது. "எந்த எண்ணை வைத்துச் சொல்கிறாய்? அது மூன்று கதவில் எத்தனையைத் தாண்டி வந்தது? ரோந்து எந்தத் தெருவில் அதிகம்?" 11ஆம் பயிற்சியை முன்பே செய்திருந்தால் இங்கே பாதி வேலை முடிந்திருக்கும். அதனால்தான் அளவீட்டை மூன்றாம் வாரத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்கிறேன்.

பிறகு ஷா, மெக்கே என்ற ஆய்வாளர்கள் 1942இல் வெளியிட்டதை எடுங்கள். சிகாகோவில் இளையோர் குற்றம் அதிகமாக இருந்த பகுதிகளில் பல பத்தாண்டுகளில் குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாட்டிலிருந்து வந்தவர்கள் போய் இன்னொரு நாட்டவர் வந்தார்கள். விகிதமோ அதே பகுதிகளில்தான் உயர்ந்து நின்றது. வெளியேறிப் போனவர்களோடு அது போகவில்லை. ஆள் மாறியும் எண் மாறவில்லை என்றால் காரணத்தை எங்கே தேடுவது? கேள்வியை அந்த மாணவியிடம் இல்லாமல் வகுப்பு முழுவதற்கும் போடுங்கள். அவருக்கும் பின்வாங்க வழி வேண்டும்.

15. வகுப்புலேயே பாதிக்கப்பட்டவங்க இருந்தா?

இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடி வாங்குகிறவர், அப்பா சிறையில் இருப்பவர், அம்மா காவல்துறையில் இருப்பவர் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை, தற்கொலை வரும் வாரங்களை ஒரு வாரம் முன்பே அறிவித்துவிடுங்கள். வர முடியாதவர் காரணம் சொல்லாமல் மாற்றுப் பணி செய்யலாம் என்று சொல்லுங்கள். 'சொந்த அனுபவம் எழுதுக' என்று கட்டாயக் கேள்வி வைக்கவே வைக்காதீர்கள்.

யாராவது வகுப்பு முடிந்து நின்று பேச ஆரம்பித்தால், தாழ்வாரத்தில் வைத்துக் கேட்க வேண்டிவரக் கூடாது. அதனால்தான் 4இல் ஓர் இடம் கேட்கச் சொன்னேன். இன்னொன்று: மாணவர் சொல்வதில் எதை நீங்கள் கல்லூரிக்கோ அதிகாரிகளுக்கோ தெரிவித்தே ஆகவேண்டும் என்ற விதியை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தால் ஒன்று வாக்கை மீறுவீர்கள், இல்லையென்றால் விதியை. கேளுங்கள், நம்புங்கள், ஆலோசகரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். சிகிச்சையாளராக முயல வேண்டாம்.

16. சிறைக்கோ கோர்ட்டுக்கோ கூட்டிட்டுப் போகலாமா?

நீதிமன்றத்துக்குப் போகலாம். பெரும்பாலான இடங்களில் விசாரணை பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். பெரிய வழக்கைத் தேடாமல் சாதாரணக் கீழ்நீதிமன்றத்தில் ஒரு காலை உட்காரச் சொல்லி, ஒவ்வொரு வழக்கும் எத்தனை நிமிடம் நடந்தது, யார் பேசினார், குற்றம் சாட்டப்பட்டவர் வாய் திறந்தாரா என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். ஒத்திவைப்பு, ஒத்திவைப்பு என்று பட்டியல் நீளும்போது எந்தப் பாடமும் தராத புரிதல் வரும்.

சிறைக்குக் கூட்டமாகப் போய் வேடிக்கை பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே இருப்பவர்கள் அழைப்பு விடுக்கவில்லை. சிறையிலிருந்து வெளிவந்து வாழ்கிற ஒருவர் விரும்பி வந்து பேசினால் அது வேறு; அவருக்கு மதிப்பூதியம் கொடுங்கள்.

17. விடைத்தாள் திருத்தறதே உயிரை வாங்குது. குறுக்குவழி?

3இல் போட்ட கணக்கைக் குறைக்க ஒரே வழி, நீளமான கட்டுரைகளைக் குறைத்து ஒற்றைப் பத்திப் பதில்களைக் கூட்டுவது. தாளுக்கு இரண்டே குறிப்பு: ஒன்று சரியாக வந்தது, ஒன்று மாற்ற வேண்டியது. உதாரணமாக ஒவ்வொரு செமஸ்டரிலும் வருகிற வாக்கியம்: 'வறுமையால் குற்றம் பெருகுகிறது என்கிறார் மெர்டன்.' இதில் சிவப்பு மையால் பத்து வரி எழுதத் தோன்றும். நான் ஓரத்தில் எழுதுவது இவ்வளவுதான்: 'எல்லோரும் ஏழையாக இருக்கும் ஊரில் என்ன ஆகும்?' இலக்குக்கும் வழிக்கும் உள்ள இடைவெளியைத்தான் மெர்டன் சொன்னார் என்று பலர் அந்தக் கேள்வியிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

18. ஏஐ எழுதிக் கொடுத்ததை அப்படியே கொண்டுவராங்க. எப்படிப் பிடிக்கிறது?

கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பி யார்மேலும் குற்றம் சாட்டாதீர்கள். அவை நேர்மையாக எழுதியவர்களையும் மாட்டிவிடும். கேள்வியை மாற்றுவது மேல்: 'நம் வகுப்புப் பெயர்ப் பட்டியலின் இரண்டாம் பத்தியை விளக்குக', 'நம் துண்டுச்சீட்டுக் கணக்கில் எது உன்னை வியக்க வைத்தது' என்று அந்த அறையில் இருந்தவர் மட்டுமே எழுதக்கூடியதாகக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசுங்கள்.

பிடிபட்டவர்கள் சொல்லும் சாக்குகளை வீணாக்காதீர்கள். சைக்ஸும் மாட்சாவும் 1957இல் தப்பை நியாயப்படுத்தும் ஐந்து வழிகளைப் பட்டியலிட்டார்கள். 'நான் கேக்கலை, அவனே அனுப்பினான்', 'இதனால யாருக்கு நஷ்டம்', 'அந்த சாருக்கு இது வேணும்', 'நீங்கல்லாம் படிக்கறப்ப பண்ணலையா', 'நண்பனுக்காகத்தான்'. ஐந்தும் வகுப்பிலேயே கிடைத்துவிடும். பெயர் சொல்லாமல் பலகையில் எழுதினால் அந்தக் கோட்பாட்டை யாரும் மறக்க மாட்டார்கள்.

19. மாணவர் மதிப்பீடு குறைஞ்சா அடுத்த செமஸ்டர் கூப்பிட மாட்டாங்களே. மதிப்பெண்ணை அள்ளிப் போடலாமா?

பலர் போடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை அப்படித் தொங்குகிறது. ஆனால் மாணவர் கோபம் பெரும்பாலும் குறைந்த மதிப்பெண்ணால் வருவதில்லை, எதிர்பாராத மதிப்பெண்ணால் வருகிறது. எதற்கு எவ்வளவு என்று தேர்வுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறாவது வாரத்தில் நீங்களே ஒரு பெயரில்லா கருத்துச்சீட்டு வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் நிர்வாகத்துக்குப் போக வேண்டிய புகார் உங்களிடமே வந்துவிடும்.

20. இதுலயே இருந்தா நிரந்தரம் ஆகுமா?

நன்றாக நடத்துகிறார் என்பதற்காக மட்டும் நிரந்தரமானவர்கள் குறைவு. நிரந்தரப் பணிக்கு முனைவர் பட்டம், தகுதித் தேர்வு, வெளியீடு என்று வேறு அளவுகோல் வைத்திருப்பார்கள். அவற்றுக்கான நேரத்தைத்தான் பகுதிநேர வகுப்புகள் தின்னும். அதனால் எத்தனை செமஸ்டர் பார்ப்பது என்று இப்போதே ஒரு எல்லை வைத்து வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். வேறு வேலையோடு பக்கத்தில் இதை ஆசைக்காகச் செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்கள் பாக்கியவான்கள்.

எப்படியானாலும் ஒப்பந்தம் முடிகிற அன்றே பல இடங்களில் கல்லூரி மின்னஞ்சலும் மூடிவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் குறிப்புகள், வினாத்தாள்கள், பயிற்சித் தாள்கள், உங்களைப் பற்றிய மதிப்பீட்டு நகல்கள் எல்லாவற்றையும் சொந்தக் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாணவர் பெயர்ப் பட்டியலையும் மதிப்பெண்களையும் மட்டும் எடுக்காதீர்கள். அவை உங்களுடையவை இல்லை.